அவங்ககிட்டயே கேளுங்க!

பேச்சு வராத ஒருவருக்குச் சொல்வதற்கும் எதுவும் இருக்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். படப் பலகையிலிருந்து கண்ணசைவுக் கணினி வரை கருவிகள் வந்துவிட்டன. அவற்றிலிருந்து வெளிவரும் சொல் யாருடையதாக இருக்க வேண்டும்? கடத்தூரை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

தர்மபுரி மாவட்டம் கடத்தூரில் வெற்றிலைச் சந்தை கூடும் நாளில் சற்று ஒதுங்கி நின்று கேட்டுப் பாருங்கள். சந்தை முழுக்க வாயால்தான் நடக்கிறது. கொடிக்காலிலிருந்து வந்த கட்டைப் புரட்டிப் பார்த்து விலை கேட்கிறார்கள். படியவில்லை என்றால் நாலடி நடக்கிறார்கள். பின்னாலிருந்து குரல் வருகிறது, திரும்புகிறார்கள், ஒரு விலைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். பேசத் தெரிந்தவருக்குத்தான் சந்தை.

இந்தக் கூட்டத்துக்குள் பதினாறு வயது மகனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு தாய் தள்ளிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறவியிலேயே பெருமூளை வாதம். கை கால் சொன்னபடி கேட்பதில்லை, வாயிலிருந்து வரும் ஒலி வீட்டாருக்கு மட்டுமே விளங்கும். பழக்கடைக்காரர் நல்ல மனிதர். குனிந்து பையனைப் பார்த்துச் சிரிக்கிறார். நிமிர்ந்து தாயிடம் கேட்கிறார்: "பையனுக்கு என்னம்மா வேணும்?" பக்கத்தில் நின்ற பெரியம்மா இன்னும் ஒரு படி இறங்குகிறார்: "நாம பேசறது அதுக்குப் புரியுமா?"

'அதுக்கு.' மனிதரை உயர்திணை என்று தனியே வகுத்து வைத்த மொழி நம்முடையது. அந்த மொழியில், வாய் பேசவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளை அஃறிணைக்குப் போய்விடுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. இரக்கப்பட்டுக்கொண்டேதான் செய்கிறோம். இப்படி ஒரு பொழுதாவது நம் கண்முன் நடந்திராத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. நாமே கேட்டவர்களாகவும் இருந்திருப்போம்.

அந்தப் பையனின் மடியில் ஒரு படப் பலகையோ, பேசும் செயலி கொண்ட டேப்லெட்டோ இருந்தால் இந்தக் காட்சி மாறுமா? மாறும். ஆனால் கருவியை வாங்கி வைத்தால் மட்டும் மாறிவிடாது.

பேச்சு வேறு, மொழி வேறு

பேச்சு, உடம்பு செய்கிற வேலை. மூச்சு, குரல் நாண், நாக்கு, உதடு, தாடை எல்லாம் நொடிக்கு நொடி ஒன்றோடொன்று இசைந்தால்தான் 'அம்மா' என்ற ஒரு சொல் வெளியே வரும். மொழி மனத்தில் இருக்கிறது. பெருமூளை வாதத்தில் தசைகளை இயக்கும் மூளைப் பகுதி பாதிக்கப்படுகிறது. பேச்சு குழறும், சிலருக்கு வரவே வராது. ஆனால் அவர்களில் ஏராளமானவர்களுக்கு உள்ளே மொழி முழுசாக இருக்கிறது. கேட்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள், பதில் வைத்திருக்கிறார்கள். வெளியே வருவதற்கான வழிதான் அடைபட்டிருக்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கும், பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கும், நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கும் வெவ்வேறு காரணங்களால் இதே அடைப்பு நேர்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11.79 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானார்கள். பேச்சுக் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை அது.

அடைபட்ட வழிக்குப் பதிலாக வேறு வழி போடுவதைத்தான் துணை மற்றும் மாற்றுத் தொடர்பு முறை என்கிறார்கள். அட்டையில் ஒட்டிய படங்கள், எழுத்துப் பலகை, தொட்டால் பேசும் செயலி, ஒற்றைப் பொத்தானை அழுத்தி இயக்கும் கணினி, விழி எங்கே பார்க்கிறது என்று கண்டறியும் கேமரா எல்லாமே இந்தக் குடும்பம்தான். இது புதிதும் அல்ல. சார்லஸ் பிளிஸ் என்பவர் உலகத்துக்கே பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கி 1949ல் வெளியிட்ட குறியீடுகளை, 1971ல் கனடாவின் டொரண்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியை பேச்சு வராத பிள்ளைகளுக்காகக் கையில் எடுத்தார். நாடுகள் பேசிக்கொள்ளப் பிறந்த எழுத்து, அந்தக் குழந்தைகள் தங்கள் வகுப்பறையில் பேசப் பயன்பட்டது.

ஹாக்கிங் மாற்ற மறுத்த குரல்

கருவிக் குரல் என்றதும் பலருக்கும் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் நினைவுக்கு வருவார். 1985ல் ஜெனீவா சென்றிருந்தபோது அவருக்குக் கடுமையான நிமோனியா வந்தது. உயிரைக் காப்பாற்றத் தொண்டையில் துளையிட வேண்டியதாயிற்று. ஏ.எல்.எஸ். நோயால் ஏற்கெனவே குழறிக்கொண்டிருந்த பேச்சு அத்தோடு நின்றுபோனது. ஆரம்பத்தில் எழுத்து அட்டையில் ஒவ்வொரு எழுத்தாக இன்னொருவர் காட்டிக்கொண்டே வர, சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்துவார். பிறகு கலிபோர்னியாவின் வால்ட் வோல்டாஸ் உருவாக்கிய மென்பொருளும், ஒரு பேச்சுக் கருவியும் வந்து சேர்ந்தன.

அந்தக் கருவியின் குரலுக்கு மூலம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானி டென்னிஸ் கிளாட். தன் சொந்தக் குரலையே அளவாக வைத்து அவர் அதை வடிவமைத்திருந்தார். 1988ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவருடைய குரல் ஹாக்கிங்கிடம் இன்னும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பேசியது.

காலம் போகப் போக அதைவிடத் தெளிவான, மனிதத்தன்மை கூடிய குரல்கள் வந்தன. ஹாக்கிங் பிரிட்டன்காரர். கருவி பேசியதோ அமெரிக்க உச்சரிப்பு. மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். இதைவிடப் பிடித்த குரல் எதையும் கேட்கவில்லை, இதோடு தன்னை அடையாளப்படுத்திக்கொண்டுவிட்டேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். பழைய சர்க்யூட் அட்டைகள் தேய்ந்து, மாற்று அட்டைகள் கிடைக்காத நிலை வந்தபோது, கலிபோர்னியாவிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அந்தப் பழைய குரலை அச்சு அசலாக ஒரு சின்னஞ்சிறு கணினியில் மறுபடி உண்டாக்கினார்கள். 2018 ஜனவரியில் அது அவர் கைக்கு வந்தது. மார்ச் 14 அன்று அவர் இறந்தார்.

நல்ல குரல் எது என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கவில்லை. அதில் பேசியவர் தீர்மானித்தார். கருவி வாங்கித் தரும் ஒவ்வொருவரும், அரசு அதிகாரி முதல் பெற்ற தாய் வரை, மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

சென்னையில் பிறந்த 'ஆவாஸ்'

வெளிநாட்டுக் கருவிகள் பல லட்ச ரூபாய் விலையில் இருந்த காலத்தில், இந்தியாவில் இதற்கு வழி திறந்த இடங்களில் ஒன்று சென்னை. 1985ல் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி இன்று 'வித்யாசாகர்' என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்குப் படப் பலகைகளையும் மாற்றுத் தொடர்பு முறைகளையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வரும் இடம் அது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் அங்கேதான் இந்தக் குழந்தைகளின் தேவையை நேரில் கண்டார். அவர்களோடு இருந்தே 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். முதலில் தனிக் கருவியாக வந்தது, பிறகு டேப்லெட் செயலியானது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2011ல் எம்.ஐ.டி.யின் 'டெக்னாலஜி ரெவ்யூ' இதழ் 35 வயதுக்கு உட்பட்ட உலகப் புதுமையாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. ஆவாஸ் இன்று தமிழிலும் பேசும்.

மும்பையின் மாலினி சிப் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பெருமூளை வாதத்தோடு பிறந்த மகளுக்குப் பள்ளி இல்லையே என்ற தவிப்பில்தான் அவருடைய தாய் மிது அலூர் 1970களின் தொடக்கத்தில் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மாலினி தட்டச்சு செய்தால் பேசும் சிறு கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒற்றை விரலால் தட்டித் தட்டியே தன் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2010ல் வந்த அந்தப் புத்தகத்தின் பெயரே 'ஒன் லிட்டில் ஃபிங்கர்'. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்தால் அது ஒரு தாயின் தியாகக் கதையாக முடிந்திருக்கக்கூடும். அவரே எழுதியதால் படிப்பு, நட்பு, காதல், கோபம், தனிமை எல்லாம் உள்ள ஒரு பெண்ணின் கதையாக வந்தது.

பலகையில் களி இருக்கிறதா?

இப்போது கடத்தூருக்குத் திரும்புவோம். ஆங்கிலத்தில் தயாரித்து மொழிபெயர்த்த ஒரு படத் தொகுப்பை அந்தப் பையனின் மடியில் வைக்கிறோம். சாப்பாடு என்ற பக்கத்தைத் திறந்தால் பீட்சா இருக்கும், சாண்ட்விச் இருக்கும். கேழ்வரகுக் களி இருக்காது. போக்குவரத்துப் பக்கத்தில் மெட்ரோ ரயில் இருக்கும். மொரப்பூர் பஸ்ஸும் பொம்மிடி ஸ்டேஷனும் இருக்காது. உறவுப் பக்கத்தில் 'பாட்டி' என்று ஒரே கட்டம் இருக்கும். அவன் வீட்டில் ஆயா ஒருவர், அம்மாச்சி ஒருவர். மாரியம்மன் பண்டிகை, கொடிக்கால், மரவள்ளிக் காடு, அரூர் ஆஸ்பத்திரி, அண்ணன் ஓட்டும் டிராக்டர் என்று அவனுடைய நாளை நிறைக்கும் எதுவுமே அதில் இருக்காது. தன் ஊரைப் பற்றிப் பேச முடியாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எதைத்தான் பேசும்?

தமிழ் இலக்கணமும் ஒரு சிக்கலை வைக்கிறது. வருவதைக் குறிக்க ஒரு படம் போதும் என்று நினைப்போம். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தாங்க, வந்துச்சு என்று ஆளும் மரியாதையும் வினைச்சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படத்தைத் தொட்டதும் கருவி 'வா' என்று மட்டும் சொன்னால், வீட்டுக்கு வந்த மாமாவிடம் பையன் மரியாதை இல்லாமல் பேசியதாகிவிடும். 'வாங்க' என்று மட்டும் சொன்னால் தம்பியோடு சண்டை போட முடியாது. வா, வாங்க இரண்டும் வேண்டும். எதை யாரிடம் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதில்தான் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் வீட்டுக்குள் தன் இடத்தைக் கண்டுகொள்கிறது.

அடுத்தது நடை. கருவியின் தமிழ் பெரும்பாலும் செய்தி வாசிப்பவரின் தமிழ். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எழுதிய தமிழை அப்படியே படிக்கிறது. கடத்தூரில் எந்தப் பிள்ளையும் தன் அம்மாவிடம் அப்படிக் கேட்பதில்லை. 'தண்ணி வேணும்மா' என்று கட்டத்தில் எழுதி வைத்தால் கருவி அதையும் படிக்கும். அப்படி எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பெரியவர்களுக்கு வர வேண்டும். கொச்சை என்று திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளையின் தாய்மொழி அது.

குரலும் அப்படித்தான். அமெரிக்காவின் பேச்சியல் ஆய்வாளர் ரூபல் படேல் ஒரு மாநாட்டில் கண்ட காட்சியைச் சொல்லியிருக்கிறார். ஒரு சிறுமியும் வளர்ந்த ஆண் ஒருவரும் தத்தம் கருவியால் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே குரல். அந்த உறுத்தலிலிருந்து பிறந்த முயற்சியை அவர் 2014ல் 'வோக்கல்ஐடி' என்ற நிறுவனமாக்கினார். பேச்சு வராதவர் எழுப்பும் எஞ்சிய ஒலியை, குரல் கொடை தந்த ஒருவரின் பதிவோடு சேர்த்து அவருக்கென்று தனிக் குரல் செய்தார்கள். தமிழிலும் அடித்தளம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் தமிழ் எழுத்தைப் பேச்சாக்கும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறார்கள். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், பெருமூளை வாதத்தால் குழறும் தமிழ்ப் பேச்சையே பதிவுசெய்து, கணினி அதைப் புரிந்துகொள்ளும் வழியைத் தேடியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுக் குரல், தர்மபுரிப் பிள்ளைக்குத் தர்மபுரிப் பேச்சு என்பதுதான் இனி போக வேண்டிய தூரம்.

பன்னிரண்டு பார்வையில் ஒரு சொல்

இவ்வளவுக்கும் பெரிய பணம் தேவை என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு, ஒரு மார்க்கர் பேனா போதும். தகட்டின் நடுவில் முகம் தெரியும் அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் எட்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 எழுத்து. எட்டு இடங்களில் நான்கு நான்காக அடுக்கினால் அத்தனையும் அடங்கிவிடும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் தகட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பேசுபவரின் முதல் பார்வை எந்தக் கூட்டம் என்று காட்டும். அடுத்த பார்வை அந்தக் கூட்டத்தில் எந்த எழுத்து என்று காட்டும். கேட்பவர் அதை உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

'வேண்டாம்' என்று எழுத இந்த முறையில் வ், ஏ, ண், ட், ஆ, ம் என்று ஆறு எழுத்து. எழுத்துக்கு இரண்டு பார்வை, மொத்தம் பன்னிரண்டு. உங்களுக்கு அரை நொடியில் வாயில் வரும் சொல்லுக்கு அவர் பன்னிரண்டு முறை கண்ணை நகர்த்துகிறார், நடுநடுவே நீங்கள் சரியாகப் பிடித்தீர்களா என்றும் பார்த்துக்கொள்கிறார். அதனால்தான் அடிக்கடி தேவைப்படும் சொற்களுக்கு முழுக் கட்டமும் வேண்டும், மனத்தில் தோன்றும் புதுச் சொல்லுக்கு எழுத்தும் வேண்டும். கட்டம் வேகம் தரும். ஆனால் நாம் எழுதி வைக்காத சொல்லை அவர் சொல்ல எழுத்து ஒன்றே வழி.

விரல் ஓரளவு இயங்குபவருக்கு விசைப்பலகையும் கணக்குதான். 1999ல் சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகையில் 'அம்மா' என்று எழுத நான்கு தட்டல் போதும்: அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழும். நமக்கு இது சின்ன வசதி. ஒற்றை விரலால் எழுதுபவருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு தட்டலும் உடம்பில் மிச்சமாகும் தெம்பு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரதீப்த பிஸ்வாஸ் குழுவினர் வித்யாசாகர் மாணவர்களோடு சேர்ந்து கண்பார்வையால் இயந்திரக் கையை இயக்கும் முறையை உருவாக்கியபோதும் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது: எத்தனை பார்வையில் ஒரு வேலை முடிகிறது?

வேணாம் என்ற கட்டம்

படப் பலகை வைத்திருக்கும் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒன்றைக் கவனிக்கலாம். சோறு, தண்ணி, பாத்ரூம், தூக்கம். இந்த நாலைத் தாண்டிப் பல பலகைகள் போவதில்லை. பார்த்துக்கொள்பவருக்கு எது தேவையோ அது அதில் இருக்கிறது. மனிதர் பேசுவது எதற்காக என்பதை நான்காகப் பிரித்தார் ஜானிஸ் லைட் என்ற ஆய்வாளர், 1988ல். தேவையைக் கேட்பது, செய்தியைச் சொல்வது, நெருக்கம் கொள்வது, மரியாதையும் முறையும் பேணுவது. நம் பலகைகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. யோசித்துப் பாருங்கள். நேற்று முழுக்க நீங்கள் பேசியதில் சோறும் தண்ணியும் கேட்டது எவ்வளவு? வம்பு பேசியது, குறை சொன்னது, கேலி செய்தது, அரசியல் பேசியது எவ்வளவு?

ஆகவே முதல் கட்டத்தில் அவருடைய பெயர் இருக்கட்டும். ஊரில் உடல் குறையையே பெயராக்கிக் கூப்பிடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 'ஊமை' என்றும் 'நொண்டி' என்றும் அழைத்து, வைத்த பெயரே மறந்துபோன மனிதர்கள் எத்தனை பேர்! 'என் பேரு இது, அப்படிக் கூப்பிடுங்க' என்று அவரே சொல்லக் கருவி உதவ வேண்டும். இரண்டாவது கட்டத்தில் 'வேணாம்' இருக்கட்டும். சட்டை மாட்டிவிடுபவரிடம், ஊசி போடுபவரிடம், தொடக்கூடாத இடத்தில் தொடுபவரிடம் சொல்ல அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது ஆபத்து. அமெரிக்காவின் பல அமைப்புகள் சேர்ந்து 1992ல் வெளியிட்ட தொடர்பு உரிமைப் பட்டியலிலும் மறுக்கும் உரிமை இடம்பெற்றிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 1990களில் அமெரிக்காவில் ஒரு முறை வேகமாகப் பரவியது. பேச்சு வராதவரின் கையை இன்னொருவர் தாங்கிப் பிடித்து விசைப்பலகையில் தட்ட உதவுவார். அழகான வாக்கியங்கள் வந்தன, பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். பிறகு சோதித்தார்கள். பேசுபவருக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம் காட்டப்பட்டது. திரையில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அவரே அறியாமல் அவருடைய சொல் வந்திருக்கிறது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவியியல் சங்கம் 2018ல் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று திட்டவட்டமாக அறிவித்தது. கருவியைப் பிடித்துக்கொள்ளலாம். நாற்காலியைச் சரிசெய்யலாம். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் அசைவு, அது விரலோ விழியோ தலையோ, பேசுபவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்பின் பெயரால் ஒருவருடைய வாயை இன்னொருவர் எடுத்துக்கொண்டதாகும்.

'கருவியைக் கொடுத்தால் பிள்ளை பேசவே முயற்சி செய்யாதே' என்ற பயமும் பெற்றோரிடம் உண்டு. பல குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகள் இந்தப் பயத்திலேயே வீணாகின்றன. 2006ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பகமான ஆய்வுகளில் இருந்த 27 பேரின் நிலையை அலசியது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. காத்திருக்க வேண்டாம், இன்றே தொடங்கலாம்.

மன்றத்தில் ஓர் இருக்கை

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்தது. தகவல் தொடர்பு என்றால் என்ன என்று அது தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகள் இடம்பெறுகின்றன. பள்ளிக் கல்வியில் அவற்றை ஊக்குவிப்பது அரசின் கடமை என்கிறது 17ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் இன்னும் தெளிவு. பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சொல்வதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டம். வாயால் வராததையும் வாய்மொழி என்று ஏற்கிறது. எவ்வளவு பெரிய வார்த்தை!

2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் ஒரு படி முன்னால் போனது. ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவரையேனும் உறுப்பினராக நியமிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், பேரூராட்சிகள், நகராட்சிகள், மாநகராட்சிகள் அனைத்துக்கும் இது பொருந்தும். கடத்தூர் ஒரு பேரூராட்சி. கடத்தூர் ஓர் ஊராட்சி ஒன்றியமும்கூட. இரண்டு மன்றங்களிலும் இருக்கை உண்டு.

அந்த இருக்கையில் பேச்சு தெளிவில்லாத ஒருவர் அமர்ந்தால் என்ன ஆகும்? நாம் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் பேசுகிறோம். கருவியால் பேசுபவர் பதினைந்து சொல் பேசுவதே அரிது. 'தெரு விளக்கு' என்று அவர் தட்டி முடிப்பதற்குள் மன்றம் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டு டீக்கு எழுந்துவிடும். இருக்கை தந்தாயிற்று, சொல் தரவில்லை என்றாகும்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் வர்ஜீனியாவின் ஜெனிபர் வெக்ஸ்டன் உறுப்பினராக இருந்தார். நரம்பு நோய் அவருடைய பேச்சைப் பறித்தது. அவர் பதவியை விட்டு ஓடவில்லை. பழைய உரைகளின் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவால் அவருடைய குரலையே மறுபடி உருவாக்கினார்கள். 2024 ஜூலையில் அந்தக் குரலில் அவர் சபையில் பேசினார், சபை கேட்டது. வாஷிங்டனில் முடிந்தது கடத்தூரில் முடியாதா? நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே கொடுத்தால் உறுப்பினர் தன் கருத்தைக் கருவியில் தயாரித்துக்கொண்டு வருவார். கருவியோ பலகையோ சொன்னதை அவருடைய வாய்மொழியாகவே கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும். வாக்கியம் முடியும்வரை அடுத்த பொருளுக்குப் போகக் கூடாது. இதற்குப் பணம் தேவையில்லை. தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்று செய்யக்கூடியவை

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் படப் பலகை பற்றிக் கேளுங்கள். மிகச் சிறிய குழந்தை என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பேச்சுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். மாதந்தோறும் உதவித்தொகை தரும் அரசு, உதவி உபகரணம் என்றால் மூன்று சக்கர வண்டியோடு நின்றுவிடாமல் பேசும் கருவியையும், அதைப் பழக்கித் தரும் ஆளையும் சேர்த்துத் தர வேண்டும். உலக வங்கி நிதியோடு நடக்கும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பொறியியல் மாணவர்களே, உங்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு உங்கள் ஊர்ப் பேச்சில் ஆயிரம் சொல்லைப் பதிவுசெய்து தாருங்கள்.

கருவி வரும்வரைக்கும் ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தையில், அந்தப் பழக்கடையில், சக்கர நாற்காலிக்கு எதிரே குனிந்தவர் அப்படியே குனிந்தபடி ஒரு கேள்வி கேட்கலாம்: "என்ன கண்ணு வேணும்? கொய்யாவா, மாம்பழமா?" இரண்டையும் இரண்டு கைகளில் தூக்கிக் காட்டலாம். பிறகு தாயின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பையனின் கண்ணைப் பார்த்தபடி, மனத்துக்குள் பத்து எண்ணலாம். அவன் பார்வை ஒரு கையில் போய் நிற்கும். அது அவன் சொன்ன சொல். எடை போட்டுக் கொடுங்கள். அடுத்த முறை அவனைப் பற்றி யாராவது 'அது' என்றால், 'அவன்' என்று திருத்துங்கள்.